சீட்டில் எழுதாத பெயர்

மனச்சோர்வு என்று ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும்போது, அந்தச் சோர்வை உண்டாக்கியது யார், எது என்பதைப் பற்றியும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும். கொஞ்ச காலமாகவே இந்த எண்ணம் என்னை விடாமல் குடைந்துகொண்டிருக்கிறது. மருத்துவம் படித்த நண்பர்களிடம் சொன்னால், டயக்னோசிஸ் என்பது நோயின் பெயர், அதில் ஆட்களின் பெயர் எப்படி வரும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சர்க்கரை நோய்ச் சீட்டில் யாருடைய பெயரும் இருப்பதில்லை. ஆனால் சர்க்கரையை ரத்தத்தில் அளந்துவிடலாம். மனச்சோர்வை உறுதி செய்ய இன்றுவரை ஒரு ரத்தப் பரிசோதனையும் வரவில்லை, ஸ்கேனும் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயால் சொல்வதைக் கேட்டுத்தான் எழுதுகிறார்கள். சொல்வதைக் கேட்டு எழுதுவது என்றால், சொன்னதில் பாதியை ஏன் விட்டுவிட வேண்டும்?

என் சித்தி திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை விட்டுவிட்டேன். வயசுக்கு வந்த நாளிலிருந்து அவள் மடியில் சொளகு இருக்கிறது. சித்தப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தபோது பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் 40,000 ரூபாய் வாங்கினாள். பத்து வட்டி. மாதம் 4,000 ரூபாய் வட்டியாக மட்டும் போகும், முதல் அப்படியே நிற்கும். தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து. அந்த வட்டியைக் கட்ட முடியாமல் குழு லோன் ஒன்று எடுத்தாள், அதற்கு வாரத் தவணை. வட்டிக்காரர் காலையிலேயே திண்ணையில் வந்து உட்காருவார். தெருவே கேட்கிற மாதிரிப் பேசுவார், சித்தப்பாவை விட்டுவிட்டு அவளைத்தான் பேசுவார். குழு லோன் ஆட்கள் வந்தால் கூடவே குழுவில் உள்ள பெண்களும் வந்து நிற்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதால் அவர்களுக்கும் வேறு வழியில்லை. அவர்கள்தான் இத்தனை வருஷமும் அவளோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள். அப்புறம் சித்தி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தனியாகச் சுற்ற ஆரம்பித்தாள். உறக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. பீடிக் கட்டுத் தளர்ந்து, கடையில் கழிவு கூடி, கூலி குறைந்தது. ஒரு நாள் ராத்திரி அவள் பேசிய பேச்சைக் கேட்டுப் பயந்துபோய், அவள் மகன் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன்.

ஒன்பது கேள்விகள்

அந்த மருத்துவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வெளியே பெரிய கூட்டம். ஒருவருக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கினாலே மதியச் சாப்பாடு தாண்டிவிடும். அவர் ஒரு தாளை எடுத்து ஒன்பது கேள்வி கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனம் தளர்ந்திருந்ததா, உறக்கம் எப்படி, களைப்பு எப்படி, பசி எப்படி என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. இதைப் பிஎச்கியூ-9 என்பார்கள். 1999-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்பிட்சரும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கியது. பைசர் கம்பெனி அதற்கு நிதி கொடுத்தது. அந்தக் கம்பெனியே அப்போது மனச்சோர்வு மாத்திரையும் விற்றுக்கொண்டிருந்தது. இன்று உலகம் முழுக்க, நம் ஊர்ப்பக்க ஓபி வரை, இந்தத் தாள்தான் புழங்குகிறது. சுலபமானது, இலவசம், ஒரு நர்ஸ்கூடக் கேட்டு நிரப்பிவிடலாம். கவனிக்கப்படாமல் போகிற பலரை அது கண்டுபிடித்தும் கொடுக்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆறாவது கேள்வியில்தான் எனக்குச் சுருக்கென்றது. உங்களைப் பற்றியே மட்டமாக நினைக்கிறீர்களா, தோற்றுப்போய்விட்டதாக, குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிட்டதாக நினைக்கிறீர்களா என்பது அந்தக் கேள்வி. சித்தி சொன்னாள்: "நினைக்கேன் சார். அவன் தெருவுல நின்னு தெனமும் அதத்தான சொல்லுதான்." மருத்துவர் 'கிட்டத்தட்ட தினமும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். மூன்று மதிப்பெண். அவள் சொன்ன பதிலில் இரண்டு வாக்கியம் இருந்தன. தாளில் முதல் வாக்கியத்துக்குத்தான் இடம் இருந்தது. ஒருவன் வாசலில் நின்று உண்டாக்குகிற அவமானம், அந்த ஒரு டிக்கில், அவளுக்குள்ளே இருந்து கிளம்பிய அறிகுறியாக மாறிவிட்டது. களைப்புக்கும் அதே கதைதான். விடியுமுன் தொடங்கி ராத்திரி வரை குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்ணிடம் களைப்பு இருக்கிறதா என்று கேட்டு அதற்கு ஒரு மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் 19 வந்தது. கடுமைக்கு ஒரு படி கீழே.

மருத்துவர் மனச்சோர்வு நோய் என்று எழுதி, தினம் ஒரு எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை, உறக்கத்துக்கு இன்னொன்று என்று கொடுத்தார். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றும், 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம் என்றும் சொல்லி அனுப்பினார். மாத்திரை வேலை செய்தது. சித்தி தூங்கினாள், கொஞ்சம் சாப்பிட்டாள். அந்த உறக்கம் இல்லாமல் அவளால் அடுத்து எதையும் செய்திருக்க முடியாது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

காரணம் எழுத ஓர் இடம் இருந்தது

மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கப் புத்தகம் ஒன்று இருக்கிறது, டிஎஸ்எம் என்று பெயர். 1980-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்புதான் இன்றைய முறைக்கு அடித்தளம். அந்தப் பதிப்பைத் தலைமையேற்று நடத்தியவரும் இதே ஸ்பிட்சர்தான். அதற்கு முன்பு ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் இரண்டு பெயர் சொல்வார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அறிகுறிகளைப் பட்டியல் போட்டு, ஒன்பதில் ஐந்து இரண்டு வாரம் இருந்தால் மனச்சோர்வு என்று வரையறுத்தார்கள். ஏன் ஐந்து என்பதற்கு ஆய்வு எதுவும் ஆதாரமாக இல்லை. நிபுணர்கள் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட எண் அது. குழப்பம் தீர்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முன் நடத்திய சோதனையில், மனச்சோர்வு விஷயத்தில் இரண்டு மருத்துவர்கள் ஒத்துப்போகும் அளவு கப்பா கணக்கில் 0.28 என்று வந்தது. ஒன்று என்றால் முழு ஒற்றுமை, பூஜ்யம் என்றால் தற்செயல். பூஜ்யத்துக்குத்தான் அது பக்கத்தில் நிற்கிறது.

காரணத்தைக் கேட்காமல் அறிகுறியை மட்டும் எண்ணுவது என்று 1980-இல் முடிவெடுத்தபோது, ஒரே ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். சாவு. நெருங்கியவரைப் பறிகொடுத்தவர் அழுவதும் சாப்பிடாமல் இருப்பதும் நோய் ஆகாது என்று ஒதுக்கி வைத்தார்கள். 1994-இல் அந்த ஒதுக்கீடு இரண்டு மாதம் என்றானது. 2013-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். 2022-இல் ஒரு வருஷத்துக்கு மேல் நீடிக்கும் துக்கத்துக்குத் தனியாக ஒரு நோய்ப் பெயரே வந்துவிட்டது. பதினாறாம் நாள் விசேஷம், ஆண்டுத் திதி, ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணியில் முழுக்கு என்று துக்கத்துக்கு வருஷக்கணக்கில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது மனம் ஏற்க மறுக்கிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. பழைய டிஎஸ்எம் முறையில் ஒரு நோயாளியை ஐந்து கோணத்தில் எழுத வேண்டும். அதில் நான்காவது, அவருடைய வாழ்க்கைச் சூழலில் உள்ள பிரச்சினைகள். கடன், வேலையிழப்பு, வீடின்மை, குடும்பச் சண்டை, வழக்கு எல்லாம் அங்கே வரும். 2013-இல் அந்த ஐந்து கோண முறையையே கைவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்ப் பட்டியலில் இதற்கென்று இசட் என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் உண்டு. குறைந்த வருமானத்துக்கு ஒன்று, கடும் வறுமைக்கு ஒன்று, பாகுபாட்டுக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளாவதற்குக்கூட ஒன்று. புத்தகத்தில் இருக்கிறது. ஓபி சீட்டில் அதை எழுதி நான் பார்த்ததில்லை. அந்தக் குறியீட்டுக்கு மாத்திரை கிடையாது, எழுதினாலும் எழுதாவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை, அதனால் பேனா அங்கே போவதில்லை.

காரணத்தை விட்டுவிட்டு நடத்தையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஓர் உச்சம் உண்டு. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், கறுப்பின அடிமைகள் எஜமானிடமிருந்து தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு டிரேப்டோமேனியா என்று பெயரும் வைத்தார். ஓடுகிறவனைக் கூர்ந்து பார்த்தவர் சாட்டையைப் பார்க்கவில்லை. அது அந்தக் காலம் என்று தள்ளிவிடலாம். ஆனால் 1973 வரை ஒருபால் ஈர்ப்பும் டிஎஸ்எம் பட்டியலில் நோயாகத்தான் இருந்தது. அதை நீக்க வைத்ததில் ஆய்வுகளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, மனநல மருத்துவர்களின் மாநாட்டு வாசலில் நின்று போராடியவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

நம் பக்கத்துக்கே வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்பு சாதிச் சீண்டல் தாங்காமல் அந்தப் பையன் சில நாள் பள்ளிக்கே போகாமல் இருந்திருக்கிறான். அந்த நாட்களில் யாராவது அவனை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போயிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பள்ளி செல்ல மறுப்பு, பதற்றம் என்று எழுதியிருப்பார்கள். மாத்திரையோ கவுன்சலிங்கோ கொடுத்து அதே வகுப்புக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவனுடைய பயம் மிகச் சரியான பயம். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. இந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளின் பதற்றத்துக்கு எழுதப்பட்ட உருப்படியான மருந்துச் சீட்டு என்று அதைத்தான் நான் சொல்வேன்.

காவல் நிலையத்தில் நடந்தது

தூக்கம் திரும்பி, கொஞ்சம் தெம்பு வந்ததும் சித்தி புகார் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். தமிழ்நாட்டில் 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. மீட்டர் வட்டி, மணிநேர வட்டி, தண்டல் எல்லாம் அதில் குற்றம். புகாரை நான்தான் எழுதினேன். யார், எப்போது, எவ்வளவு, என்ன சொன்னான் என்று வரிசையாக எழுதினோம். சில வரிகளைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் முடித்துக் கையெழுத்துப் போட்டபோது அவள் முகத்தில் இருந்த தெளிவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த எந்த நாளிலும் நான் பார்க்கவில்லை.

விசாரணைக்கு இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். வட்டிக்காரர் இன்னொருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கோபப்படவே இல்லை. ரொம்ப இரக்கமான குரலில் பேசினார். "சார், இந்தம்மாவுக்குக் கொஞ்ச நாளா மூளை சரியில்ல. ஆஸ்பத்திரில மாத்திரை சாப்பிடுதாவ. தெருவுக்கே தெரியும். நான் ஏதோ ஆபத்துக்குக் கைமாத்து கொடுத்தேன், அவ்வளவுதான். மிரட்டுனேன்னு சொல்லுறதெல்லாம் அவங்களுக்கா தோணுதது. வேணும்னா சீட்டை வாங்கிப் பாருங்க." அங்கிருந்த போலீஸ்காரர் சீட்டைக் கேட்டார். பையில் இருந்தது, சித்தி எடுத்துக் கொடுத்தாள். மேலே மனநலப் பிரிவு என்று முத்திரை, கீழே நோயின் பெயர், மாத்திரைகள். அவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மொதல்ல உடம்பப் பாத்துக்கம்மா. மத்தத பொறவு பாக்கலாம்." புகார் பதிவாகவில்லை.

பஸ்ஸில் சித்தி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. சேரன்மகாதேவி தாண்டிய பிறகு சொன்னாள்: "ஏம்மா, அந்தச் சீட்டுல அவன் பேரு இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பானா?"

இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியம் அவளுடையது. நான் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியைத்தான். மருத்துவர் நல்ல மனதோடு, சரியான முறைப்படி எழுதிய சீட்டு, அவளை நோகடித்தவனுக்குச் சாட்சி சொல்லிவிட்டது. அவன் செய்ததன் விளைவு அவளுடைய நோயாகப் பதிவாகி, அந்த நோயே அவன் செய்யவில்லை என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. சீட்டில் ஒரே ஒரு வரி, 'கடன் கொடுத்தவரின் தொடர் மிரட்டலைத் தொடர்ந்து வந்த பாதிப்பு' என்று இருந்திருந்தால், அதே தாள் அவளுக்குச் சாட்சியாக இருந்திருக்கும். அடிதடியில் காயம்பட்டவருக்கு விபத்துப் பிரிவில் யார் அடித்தது, எதனால் அடித்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். தலையில் பட்ட காயத்துக்கு இருக்கிற அந்த மரியாதை மனசில் பட்ட காயத்துக்கு ஏன் இல்லை?

மூன்று வாசல்

நம் ஊரில் ஒரு துக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொல்ல மூன்று வாசல் இருக்கிறது. ஒன்று ஆஸ்பத்திரி. இன்னொன்று திங்கட்கிழமை கொக்கிரகுளம், ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். மூன்றாவது கோயில். பல நேரம் ஒரே ஆள் ஒரே துக்கத்தோடு மூன்றுக்கும் போகிறார்.

கோயிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொடை நாளில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நம் தெய்வங்களில் பலர் அநியாயமாகச் செத்தவர்கள். யார் ஏமாற்றினார்கள், எங்கே வைத்து வெட்டினார்கள் என்பது பாட்டில் வரிசையாக வரும். சொரிமுத்தையனார் கோயிலில் இருக்கும் பட்டவராயன், சாதி விட்டுச் சக்கிலியப் பெண்கள் இருவரைக் கட்டி, மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டு மாண்டவர். இன்றும் அவருக்குச் செருப்புதான் காணிக்கை. ஒரு மனிதருக்கு நடந்த அநியாயத்தை அப்படி நினைவில் வைத்திருக்கிற மரபு இது. ஆனால் சித்தியைக் குறி கேட்கக் கூட்டிப் போனபோது, யாரோ செய்வினை வைத்திருப்பதாகச் சொல்லி, கடைசியில் அது சித்தப்பாவின் அக்காவைக் கைகாட்டுவதில் போய் முடிந்தது. ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோனதுதான் மிச்சம். கோயில் பக்கம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களுக்கு 2001 ஆகஸ்ட் 6-ஐ நினைவுபடுத்த வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த காப்பகத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் தப்பி ஓட முடியாமல், 28 பேர் இறந்தார்கள். சங்கிலியை 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

கொக்கிரகுளத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தும் பலன் கிடைக்காத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் உட்பட நால்வரும், அந்த வளாகத்திலேயே தீயில் கருகினார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. அதைக் கண்டித்துக் கேலிச்சித்திரம் வரைந்தவர் கைதானார். அப்புறம் அலுவலக வாசலில் சோதனை வந்தது. மனுவோடு வருகிறவர்களின் பையைத் திறந்து, பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்து உள்ளே விடுகிறார்கள். உயிரைக் காக்க அது தேவைதான். ஆனால் பையில் பாட்டிலைத் தேடுகிற அதே அக்கறையோடு அந்தப் பையில் இருக்கிற மனுவை யாராவது அன்றைக்கே படித்திருந்தால் நான்கு பேர் உயிரோடு இருந்திருப்பார்கள். அவர்களுக்கு மனநல ஆலோசனை கிடைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அப்போது சிலர் தொலைக்காட்சியில் பேசினார்கள். கேட்டபோது கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. அவர்கள் உதவி கேட்கத்தான் வந்தார்கள். கேட்க வேண்டிய இடத்தில், எழுத்தில், பெயர் போட்டுக் கேட்டார்கள்.

மூன்று வாசலில் மனுவில் மட்டும்தான் தீங்கு செய்தவரின் பெயர் இருக்கிறது. ஆனால் மனு அதிகம் படிக்கப்படுவதில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிஷமாவது ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார், ஆனால் சீட்டில் பெயர் ஏறுவதில்லை. இந்த இரண்டு தாளும் ஒரே மேசைக்கு வந்தால் எவ்வளவோ மாறும் என்பது என் நம்பிக்கை.

திண்ணை

இதெல்லாம் என் உணர்ச்சி மட்டும்தானா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லண்டனில் கேம்பர்வெல் என்ற பகுதியில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் 400-க்கும் மேற்பட்ட பெண்களை நேரில் சந்தித்து, அவர்கள் வாழ்க்கையில் நடந்ததை எல்லாம் விரிவாகக் கேட்டு, 1978-இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு பெரிய இடி, அல்லது தீராத கஷ்டம் இருந்தது. உழைக்கும் வர்க்கத்துத் தாய்மாரிடம் அது மிக அதிகம். மனம்விட்டுப் பேச ஒரு நெருங்கிய ஆள் இல்லாதவர்கள் எளிதில் விழுந்தார்கள். பிறகு 1995-இல் பிரவுனும் சகாக்களும் இன்னும் நுட்பமாகப் பார்த்தபோது, வெறும் இழப்பைவிட அவமானமும் தப்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்ட நிலையும்தான் அதிகம் சாய்க்கின்றன என்று தெரிந்தது. அவமானம், மாட்டிக்கொள்ளுதல், பேச ஆளில்லாமை. வட்டிக்காரர் வாசலில் நின்று கத்தியது முதலாவது, தொகை எழுதாத புரோநோட்டு இரண்டாவது, சாத்திய கதவு மூன்றாவது. கேம்பர்வெல்லுக்குப் போகாமலேயே சித்தி அந்த ஆய்வில் இருக்கிறாள்.

காரணத்தைத் தொட்டால் துயரம் குறையும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தவர்கள், அது போன பகுதிகளில் தற்கொலை 18 சதவீதம் குறைந்ததாக 2019-இல் எழுதினார்கள். பிரிட்டனில் உளவியலாளர்கள் சிலர் 2018-இல் நோய்ப் பெயர்களுக்கு மாற்றாக ஒரு சட்டகத்தையே முன்வைத்தார்கள். உங்கள் வாழ்வில் யாருடைய அதிகாரம் எப்படிச் செயல்பட்டது, அது உங்களை எப்படிப் பாதித்தது, தாக்குப்பிடிக்க என்ன செய்தீர்கள் என்று அதில் கேட்பார்கள். நம் பக்கம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மனநலப் பேராசிரியராக இருந்த கே.எஸ். ஜேக்கப், வறுமையும் கடனும் உண்டாக்கும் துயரத்தை மருத்துவச் சிக்கலாகச் சுருக்குவதை எதிர்த்து நெடுங்காலம் எழுதியவர். உள்ளேயிருந்தே பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் நான் தெளிவாக இருக்க வேண்டும். காதில் குரல் கேட்டு, பயந்து, வீட்டை விட்டு ஓடுகிற நிலையில் இருப்பவர்களுக்கு மருந்து எவ்வளவு பெரிய துணை என்பதை என் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனசும் ரொம்பப் படுத்தும். குறைப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். நான் கேட்பது மாத்திரைக்குப் பக்கத்தில் ஒரு வரி.

அந்த ஒரு வரி எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது காவல் நிலையத்தில் நடந்ததைச் சொன்னோம். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார். சீட்டில் எழுத வழக்கமில்லை என்றவர், அங்கேயே இருந்த சமூகப் பணியாளரிடம் அனுப்பினார். அந்தப் பெண் ரொம்ப நேரம் கேட்டு, நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். 1987-இன் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு. அந்த வழக்கறிஞர்தான் எங்களுக்கு இன்னொன்றைக் காட்டினார். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று முடிவு செய்ததாலேயே அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவராகக் கொள்ளக் கூடாது, நீதிமன்றம் அறிவித்தால் மட்டுமே அப்படிக் கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே காவல் நிலையத்துக்குப் போனோம். இந்த முறை புகாரை வாங்கி ரசீது கொடுத்தார்கள். வட்டியாகவே முதலுக்கு மேல் போய்விட்டது என்பதால், புரோநோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வட்டிக்காரர் சம்மதித்தார். அது முழு நீதி இல்லை என்று எனக்குப் படுகிறது. வழக்கை நடத்தித் தண்டனை வாங்கித் தர வேண்டும் என்று நான் சொன்னேன். சித்தி வேண்டாம் என்றாள், அவள் அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.

குழு லோன் இன்னும் ஓடுகிறது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவந்திருக்கிறது, அதை வைத்து அந்த வழக்கறிஞர் பேசிக்கொண்டிருக்கிறார். மாத்திரை அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை நானும் கொக்கிரகுளம் போய் ஒரு மனுக் கொடுத்தேன். மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில் மனநல ஓபி நடக்கிற நாட்களில், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஆள் ஒருவரை ஒரு மேசை போட்டு அங்கேயே உட்கார வைக்க வேண்டும், காரணத்தையும் கேஸ் தாளில் பதிய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சித்தியும் இன்னும் சில பீடிப் பெண்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மனு சுகாதாரத் துறைக்கு அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அங்கிருந்து என்ன சொல்கிறார்கள் என்று வந்ததும் எழுதுகிறேன்.